எந்தப் படம் முதலில்

கலாராணியின் கடையிலிருந்து ஒரு படத்தை வாங்கிக்கொண்டு வருவதைவிட அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு வருவது சுலபம் என்று கடுகண்ணாவை ஊரில் சொல்வார்கள். பிரதான வீதியில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது அவளுடைய 'ராணி ஸ்டூடியோ'. அடையாள அட்டைக்கு, பாஸ்போட்டுக்கு, பரீட்சை விண்ணப்பத்துக்கு என்று நாள் முழுக்க யாராவது வந்து அந்த நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எழும்பிப் போவார்கள். படம் எடுத்துக்கொண்டவர் நேரில் வந்தால்தான் படம் கைக்கு வரும். அம்மாவின் படத்தை மகள் வாங்க வந்தாலும், "அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் குடும்மா, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்" என்பாள்.

அவள் பிறந்தது தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கண்டி டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கூட வேலை செய்த ஒருவன், கலியாணம் பேசியிருந்த ஒரு பெண்ணின் படத்தை எவனோ கேட்டான் என்று தூக்கிக் கொடுத்துவிட்டான். வாங்கியவன் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, "இவ எனக்கு எப்பவோ குடுத்தது" என்று மாப்பிள்ளை வீட்டில் போய்க் காட்டினான். கலியாணம் நின்றது. அந்தப் பெண் அப்பாவோடு ஸ்டூடியோ வாசலுக்கு வந்து, யாரையும் ஏசாமல் சும்மா நின்றுவிட்டுப் போனதைக் கலாராணி பார்த்தாள். முகம் என்பது எவ்வளவு சுலபமாகக் கைமாறுகிற சாமான் என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு சந்தேகம் அவளுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. அவளுக்கு வந்த வரன்கள் மூன்று. மூன்றையும் விசாரித்தாள். மூன்றிலும் ஏதோ ஒன்று அகப்பட்டது. வயது நாற்பத்தெட்டாகிறது. தனியாகத்தான் இருக்கிறாள். அதைப் பற்றி யாராவது உச்சுக் கொட்டினால், எதற்காகக் கொட்டுகிறார்கள் என்று யோசிப்பாள்.

தை பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சுரேஸ் என்பவன் கடைக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். தலை வாரி, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஒழுங்காக வந்திருந்தான்.

"அக்கா, என் சம்சாரத்தோட படம் ஒண்ணு வேணும். உங்ககிட்ட எடுத்ததுதான்."

"அவங்களையே வரச் சொல்லுங்க தம்பி."

"வர முடியாதுக்கா. நவம்பர் மழையில எங்க லயத்து வீடெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. அவளும் போயிட்டா. இன்னும் உடம்ப எடுக்கல."

கலாராணி கையில் இருந்ததை வைத்தாள். அந்த மழையை யாரும் மறந்திருக்கவில்லை. கண்டியைச் சுற்றி எத்தனையோ இடத்தில் மலை இறங்கி, வீதி உடைந்து, கரண்ட் இல்லாமல், எந்தச் சொந்தக்காரன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியாமல் சனம் தவித்த நாட்கள் அவை.

"என் போனும் வீட்டோட போச்சுக்கா. ஒரு படம் இல்ல. ஒரு மால போட்டுக் கும்பிடக்கூட முகம் இல்ல."

"எப்ப எடுத்தது?"

"ரெண்டு வருஷம் இருக்கும். பேரு டிலானி."

அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். காட்டினான். புதிதாக எடுத்த தற்காலிக அட்டை. கிராம சேவகரின் கடிதத்தையும் நீட்டினான். மண்சரிவில் காணாமல் போனவர்களில் அவன் மனைவியும் ஒருத்தி என்று அதில் இருந்தது. சந்தேகப்பட ஒன்றும் இல்லை. சந்தேகப்பட ஒன்றும் இல்லாதவர்களைப் பார்த்தால்தான் கலாராணிக்கு உள்ளுக்குள் உறுத்தும். இருந்தாலும் அன்றைக்கு அவள் மனம் இளகியது. மண்ணுக்குள் போன ஒருத்தியின் முகத்தைப் புருஷனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்பியூட்டரில் டிலானி என்று தேடினாள். ஒவ்வொரு படத்தையும் பேரும் போன் நம்பரும் போட்டுத்தான் சேமிப்பாள். அது ஓடியது, ஓடியது, பிறகு திரை அப்படியே உறைந்தது. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது.

"கம்பியூட்டர் மக்கர் பண்ணுது தம்பி. ஒரு ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

அவன் தலையாட்டினான். போகும்போது, "கொஞ்சம் சீக்கிரம் பாருங்கக்கா" என்றான்.

கம்பியூட்டர் பார்க்க வருகிறவன் பஹ்மி. திகனையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். பெட்டியைக் கழற்றித் திகனைக்குக் கொண்டுபோக அவள் ஒருநாளும் விட்டதில்லை. ஆகவே அவன்தான் ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாறி வருவான். அவன் வேலை செய்யும்போது அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனும் பழகிவிட்டான்.

பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அவன் முகத்தைச் சுளித்தான்.

"ஹார்ட் டிஸ்க் போகப் போகுது அக்கா. இந்தச் சத்தம் நல்ல சத்தமில்ல. பேக்கப் ஒண்ணும் எடுத்து வெக்கல்லயா?"

"யாருகிட்ட எடுத்து வைக்கிறது?"

"யாருகிட்டயும் இல்ல அக்கா, இன்னொரு டிஸ்க்குல." அவன் பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தான். "இது என்ட. இப்போதைக்கு இதுல போடுவோம். ஆனா பாதிதான் புடிக்கும். அதோட, இந்த டிஸ்க் எவ்வளவு நேரம் ஓடும்னு சொல்ல ஏலாது. பாதி வழியில நின்டாலும் நிக்கும். முதல்ல போறதுதான் தப்பும். எது முதல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

கலாராணி யோசித்தாள். உள்ளே இருந்ததெல்லாம் மற்றவர்களுடைய முகங்கள். ஒரு பக்கம் கலியாணங்கள். கடுகண்ணாவையிலும் பிலிமத்தலாவையிலும் கண்டியிலும் அவள் எடுத்தவை. அல்பம் போட்டுக் கொடுத்தாலும், வருஷம் கழிந்து தாலி கட்டும் படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்று வருவார்கள். இன்னொரு பக்கம் அடையாள அட்டைப் படங்கள். எடுத்தவர்கள் அன்றைக்கே கொண்டுபோய்விடுவார்கள், திரும்பிக் கேட்பது அபூர்வம். கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, இறந்துபோன ஒரு தலைமை ஆசிரியரின் பிரியாவிடை. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, எது பிழைக்கலாம், எது சாகலாம் என்று சொல்லச் சொன்னால் யாருக்கு வாய் வரும்?

தொழிலைப் பார்த்தால் கலியாணம்தான் முதலில். ஆனால் அவள் கண்ணில் அந்தத் திருநீற்று நெற்றி நின்றது. கலியாண வீட்டுக்காரர்களிடமாவது அல்பம் இருக்கிறது. அவனிடம் ஒன்றுமே இல்லை.

"அட்டைப் படங்கள முதல்ல போடுங்க."

"நெசமாவா? கலியாணத்த விட்டுட்டா?"

"சொன்னதச் செய்யுங்க தம்பி."

"அப்ப புதுசுலயிருந்து பழசுக்குப் போவோம். கிட்டடியில எடுத்ததத்தான் ஆக்கள் தேடி வருவாங்க."

படங்கள் கொப்பியாகத் தொடங்கியதும், "இதத் தொடவேணாம், நிப்பாட்டவும் வேணாம் அக்கா. நிப்பாட்டினா திரும்ப எழும்புமோ தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பஹ்மி எதிர்க் கடைக்குப் பிளேன்டீ குடிக்கப் போனான்.

கலாராணி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர்க் கடை வாசலில் சுரேஸ் நின்றான். இரண்டு நாள் கழித்து வரச் சொன்ன ஆள். பஹ்மியைக் கண்டதும் கிட்ட வந்தான். ஏதோ கேட்டான். பஹ்மி கடைப் பக்கம் கையைக் காட்டிப் பேசினான். சுரேஸ் அவன் தோளில் கையை வைத்தான்.

இவர்கள் இரண்டு பேரும் எப்படிப் பழக்கம்? முகம் போகிற டிஸ்க் யாருடையது? பஹ்மியுடையது. அதை அவன் பையில் போட்டுக்கொண்டு திகனைக்குப் போனால் அதில் என்ன செய்கிறான் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பஹ்மி திரும்பி வந்து உட்கார்ந்தான். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

"வந்தது ஒழுங்கா வந்திருக்கான்னு நான் திறந்து பாக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

"பாருங்க."

புது டிஸ்க்கில் விழுந்திருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். மார்கழியில் எடுத்தவை, அதற்கு முன் கார்த்திகையின் கடைசியில் எடுத்தவை. ஒரு படத்தில் அவள் கை நின்றது.

இளம் பெண். காய்ந்தும் காயாத தலைமயிர். நெற்றியோரம் ஒரு கீறல். போட்டிருந்தது கலாராணியின் சொந்த ஊதாச் சுவெட்டர். கீழே பெயர், டிலானி.

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மழை விட்டு, கரண்ட் வந்து, கடையைத் திறந்த முதல் நாள். கொழும்புக்குப் பஸ் இல்லாமல் சனம் வீதியோரம் நின்ற நாள். ஒரு பெண் சேறு படிந்த சட்டையோடு உள்ளே வந்து, எல்லாம் தொலைந்துவிட்டது, அட்டை எடுக்கப் படம் வேண்டும் என்றாள். அந்தக் கோலத்தில் படம் எடுக்க மனமில்லாமல் கலாராணி தன் சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள்.

படத்தின் திகதியைப் பார்த்தாள். மண் சரிந்த நாளுக்குப் பிந்திய திகதி. கமராவின் கடிகாரம் பிழையோ என்று சந்தேகம் வந்தது. அன்றைக்கு முதலாவதாக எடுத்த படத்தைத் திறந்தாள். கரண்ட் வந்ததும் கமரா வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்திருந்தாள். அன்று வரை கிழித்து மேலே நின்ற தாளில் பெரிய எழுத்தில் அதே திகதி.

மண்ணுக்குள் போனவள் அதற்குப் பிறகு நடந்து வந்து, இந்தக் கதிரையில் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறாள்.

அது மட்டுமல்ல. இரண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்த படம் என்று புருஷன் சொன்னான்.

"என்ன அக்கா, ஏதும் கெட்டுப்போச்சா?" பஹ்மி எட்டிப் பார்த்தான்.

கலாராணி திரையைக் கையால் மறைத்தாள். "நிப்பாட்டுங்க."

"நிப்பாட்ட வேணாம்னு சொன்னேனே…"

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டிட்டுக் கொஞ்சம் வெளிய போங்க."

அவன் எழும்பாமல் அவளைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. தானே பொத்தானை அழுத்திக் கொப்பியை நிறுத்தினாள். பஹ்மியின் முகம் கறுத்தது. வெளியே போய் வீதியோரம் நின்றான். அவள் கதவைச் சாத்தித் திரையை இழுத்தாள்.

அழித்துவிடலாம். இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிட்டால் அந்தப் பெண்ணை யாரும் கண்டுபிடிக்க முடியாது. விரல் அழிக்கிற பொத்தான் வரைக்கும் போனது. ஆனால் அழித்தால், மண் சரிந்த பிறகும் அவள் உயிரோடு இருந்தாள் என்பதற்கு வேறு என்ன இருக்கிறது? அரசாங்கக் கணக்கில் அவள் மண்ணுக்குள் போனவள். நாளைக்கு அவளே வந்து நான்தான் டிலானி என்றால் யார் நம்புவார்கள்? கலாராணியே நம்பமாட்டாள்.

அந்த ஒரு படத்தையும் நாட்காட்டிப் படத்தையும் கமராவின் சின்ன மெமரி கார்டில் போட்டாள். கார்டை அலுமாரியில் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள். பிறகு டிலானியின் படத்தை இரண்டு டிஸ்க்கிலிருந்தும் அழித்தாள். கதவைத் திறந்து பஹ்மியைக் கூப்பிட்டாள்.

"இப்பப் போடுங்க தம்பி."

பஹ்மி பொத்தானை அழுத்தினான். டிக், டிக். கழற்றி மாட்டினான். பெட்டியைச் சாய்த்து வைத்துப் பார்த்தான். கடைசியில் சத்தமும் நின்றது.

"முடிஞ்சு" என்றான். கலியாணம் ஒன்றுகூட வந்திருக்கவில்லை. "கொழும்புக்கு அனுப்பிப் பாக்கிறேன். ஆனா நம்பிக்கை வெக்காதீங்க."

அவன் செத்த டிஸ்க்கைக் கழற்றும்போது கலாராணி அதைத் தரலாமா என்று யோசித்தாள். பிறகு தந்தாள். அதில் இப்போது திருட என்ன இருக்கிறது?

சுரேஸ் சொன்னபடி வந்தான். இந்த முறை திருநீறு இல்லை.

"படம் கிடைச்சுதாக்கா?"

"கம்பியூட்டரே போயிருச்சு தம்பி. ஒண்ணும் இல்ல."

அவன் வெறும் பெட்டியைப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, "படம் இல்லாட்டியும் பரவாயில்லக்கா. அவ எந்தத் திகதி வந்தான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

மாலை போட முகம் இல்லை என்று சொன்னவனுக்குத் திகதி எதற்கு?

"ரெண்டு வருஷத்துக்கு முந்தின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஒரு பேச்சுக்கு. கூட யாரு வந்தா? ஆம்பள யாராவது வெளிய நின்னானா? எங்க போறதாச் சொன்னா?"

"தம்பி, செத்துப்போனவங்க எங்க போறாங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவன் மேசையில் கையை ஊன்றினான். "லொறியில வந்த ஒருத்தன் அவள இந்தக் கடை வாசல்ல பாத்திருக்கான்" என்றான். "உங்களுக்குத் தெரியும். நீங்க மறைக்கிறீங்க."

"ஒரு நாளைக்கு எத்தனையோ பேரு வாறாங்க. வேணும்னா பொலிசுல சொல்லிக் கூட்டிட்டு வாங்க."

அவன் பொலிசுக்குப் போகவில்லை. ஆனால் எதிரே பஸ் நிற்கும் இடத்தில் வந்து நிற்கத் தொடங்கினான். எந்தப் பஸ்ஸிலும் ஏறமாட்டான். கடைக்குள் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பான். படம் எடுக்க வருகிற இளம் பெண்களைக் கலாராணி கதவு வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

கொழும்பிலிருந்து ஒன்றும் மீளவில்லை என்ற செய்தியோடு பஹ்மி வந்தான். அவன் உட்காருவதற்கு முன்பே அவள் கேட்டுவிட்டாள்.

"அன்னைக்கு டீக்கடையில அந்த ஆளோட என்ன பேசினீங்க?"

"அவரா? அந்தக் கம்பியூட்டர்ல இரிக்கிற படம் ஒண்ணு எடுத்துத் தர ஏலுமான்னு கேட்டார். கடை அக்காவுடையது, அங்க கேளுங்கன்னு சொன்னேன். தோள்ல கையப் போட்டுத் தனியாக் கூப்பிட்டார். நான் வந்திட்டேன்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க என்னையும் சந்தேகப்படுவீங்க அக்கா." அவன் சிரிக்கவில்லை. "சொல்லாமலே பட்டுட்டீங்க. அந்த அவசரத்துலதானே டிஸ்க் போச்சு?"

"ஆமா" என்றாள் கலாராணி. "ஏன்னு கேக்காதீங்க. சொல்ல முடியாது."

"சரி" என்றான் பஹ்மி. அவ்வளவுதான். துருவிக் கேட்கவில்லை. துருவாத ஒரு மனிதனைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

படத்தோடு பெயர் மட்டுமல்ல, டிலானி கொடுத்த போன் நம்பரும் இருந்தது. அதற்கு எடுக்கலாமா வேண்டாமா என்று கலாராணி பல நாள் யோசித்தாள். காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கும் வேலை நடக்கிறது என்று பேப்பரில் பார்த்த அன்றைக்குத்தான் எடுத்தாள். கடைப் போனிலிருந்து இல்லை. கண்டி டவுனுக்குப் போய், தெரிந்த ஒரு தையல்காரியின் போனை வாங்கி எடுத்தாள்.

ஒரு பெண் குரல், "யாரு?" என்றது.

"நீங்க யாரு?"

"நீங்கதானே எடுத்தீங்க? நீங்க சொல்லுங்க."

"டிலானிகிட்ட பேசணும்."

போன் நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மெல்லிய குரல். "எதுக்கு டிலானியத் தேடுறீங்க? யாரு எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான் ஸ்டூடியோ வச்சிருக்கேன். நீ டிலானின்னா சொல்லு, அன்னைக்கு நான் உனக்கு என்ன குடுத்தேன்?"

"ஊதாச் சுவெட்டர். இடது கையில பட்டன் இல்ல." பிறகு அந்தக் குரலும் விடவில்லை. "நீங்க அந்த அக்காதான்னு எனக்கு எப்படித் தெரியும்? சேத்தோட வந்தவகிட்ட நீங்க மொதல்ல என்ன கேட்டீங்க?"

கலாராணி யோசித்துப் பார்த்தாள். "ஐ.டி. எங்கன்னு கேட்டேன்."

"ஆமா" என்று அந்தப் பெண் அழத் தொடங்கினாள். "நீங்கதான்."

நீர்கொழும்புப் பக்கம், கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்யும் சிநேகிதி ஒருத்தியின் போர்டிங்கில் அவள் இருந்தாள். அவள் கொடுத்திருந்த நம்பர் அந்தச் சிநேகிதியுடையது. புருஷன் படம் கேட்டு வந்ததைக் கலாராணி சொன்னதும் அவள் அழுகை நின்றது.

"அவருகிட்ட என் படம் இல்லையாமா? அவரு போன் முழுக்க நான்தான்க்கா. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா அங்கயிருந்து ஒரு படம் அனுப்பணும். கடைக்குப் போனா ஒண்ணு. தண்ணி எடுக்கப் போனா ஒண்ணு. பின்னால யாராவது ஆம்பள நிக்கிறானான்னு பெருசாக்கிப் பாப்பாரு. நின்னா அன்னைக்கு அடி. அந்தப் போன அவரு வேலைக்குப் போகும்போது கையிலதான் கொண்டு போனாரு. அது எப்படி மண்ணுல போகும்?"

மலை இறங்கிய விடியற்காலையில் சுரேஸ் வேலைத்தளத்தில் இருந்தான். சத்தம் கேட்டு வெளியே ஓடியவர்களில் டிலானியும் ஒருத்தி. வெளிச்சம் வந்தபோது எல்லோரையும் கூட்டி நிறுத்திப் பெயர் வாசித்தார்கள். அவள் கூட்டத்திலிருந்து தள்ளி, தோட்டத்துக் கடைச் சுவரோரம் மழையில் நின்றிருந்தாள்.

"என் பேர வாசிச்சாங்க. நான் வாயத் திறக்கல. ரெண்டாந்தரமும் வாசிச்சாங்க. அப்பவும் திறக்கல. அப்படியே பின்னால நடந்து ரோட்டுக்கு வந்துட்டேன்." மூச்சை இழுத்தாள். "ஆமிக்காரங்க எனக்காக மண்ணத் தோண்டுறாங்கன்னு பொறகு கேள்விப்பட்டேன். அதத்தான் தாங்க முடியல. சோறு எறங்கல."

"நீ வந்து சொல்லிடு" என்றாள் கலாராணி. "சான்றிதழ் எழுதிட்டாங்கன்னா நீ செத்தவதான். பாஸ்போட் எடுக்க முடியாது, ஒரு வேலைக்குப் பேரு குடுக்க முடியாது. அவன் உன்னக் கண்டுபிடிச்சு என்ன செஞ்சாலும் கேக்க ஆளிருக்காது. செத்தவள யாரு தேடுவா?"

"நீங்க அவரு பக்கம் இல்லேன்னு நான் எப்படி நம்புறது?"

"நம்பாத" என்றாள் கலாராணி. "பட்டப்பகல்ல, கண்டி ரயில் ஸ்டேஷன்ல, சனம் நிறைய இருக்கிற இடத்துல வந்து தூரமா நில்லு. நான் தனியா வந்திருக்கேனான்னு பாரு. பொறகு கிட்ட வா."

டிலானி அப்படித்தான் வந்தாள். ரயிலிலிருந்து இறங்கி, புத்தகக் கடைக்குப் பக்கத்தில் நின்று நெடுநேரம் பார்த்தாள். கலாராணியும் அவளைக் கண்டும் காணாதவள்போல, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். இருவருக்கும் திருப்தியான பிறகு ஒன்றாக நடந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தின் பெண்கள் பிரிவில் இருந்த அதிகாரி முதலில் நன்றாக ஏசினாள். எத்தனை பேர் எத்தனை நாள் தோண்டினார்கள் தெரியுமா என்று கேட்டாள். டிலானி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு புருஷன் கதையைச் சொன்னாள். அதிகாரிக்கு அது பாதிதான் நம்பிக்கையாக இருந்தது. இவளுக்கு வேறு ஆள் இருக்கிறதோ என்று பார்வையிலேயே கேட்டாள். கலாராணி மெமரி கார்டை எடுத்து வைத்தாள். அன்றைக்கு அந்தப் பெண் தனியாக வந்தாள், நெற்றியில் காயத்தோடு வந்தாள் என்று வாக்குமூலம் கொடுத்தாள்.

சுரேஸைக் கூப்பிட்டார்கள். வந்தவன் டிலானியைக் கண்டதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். அந்த அழுகை பொய்யில்லை என்று கலாராணிக்கே தோன்றியது. அதிகாரி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தான். அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "இத்தன நாளும் யாரு கூட இருந்த?"

அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தாள். "உங்க போனக் கொஞ்சம் குடுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் டிலானியை ஏசவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. கிட்டப் போகக்கூடாது என்று சுரேஸுக்குக் கோர்ட்டில் உத்தரவு. டிலானியின் பெயரைக் காணாமல் போனவர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் பல தடவை நடக்க வேண்டியிருந்தது. இப்போது குண்டசாலையில் ஒரு தையல் நிலையத்தில் வேலை. வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தது, இப்போது கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறாள். கலாராணிக்கு எப்போதாவது போன் எடுப்பாள். இருவரும் அதிகம் பேசமாட்டார்கள்.

கலியாணப் படங்களின் கதை வேறு. தொலைந்துபோனதைக் கலாராணி யாருக்கும் மறைக்கவில்லை. வீடு வீடாகப் போன் எடுத்துச் சொன்னாள். பெரும்பாலானவர்கள் பெருமூச்சு விட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் நவரட்ணராஜா மட்டும் பேராதனையிலிருந்து நேரிலே வந்து நின்றார்.

"பிள்ளை, என்ரை மகளின்ரை கலியாணப் படம் ஒண்டும் இல்லையெண்டே சொல்லுறீர்? உது நான் நம்புற கதையில்லை. எங்கையோ ஒளிச்சு வைச்சிருக்கிறீர்."

"இல்ல சேர். டிஸ்க் போயிருச்சு."

"மற்றாக்களின்ரை அட்டைப் படம் தப்பினதாம், கலியாணப் படம் மட்டும் போனதாம். அதெப்படி?"

அதற்கான பதில் டிலானியுடைய கதை, அவள் சொல்லக்கூடியது இல்லை. அவர் அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினாள். கம்பியூட்டர்ப் பெட்டியைக் காட்டச் சொன்னார். அதையும் காட்டினாள். அவர் திருப்தியில்லாமல் போனார். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

பிறகு புது டிஸ்க் இரண்டு வாங்கினாள். எல்லாவற்றையும் இரண்டிலும் போட வேண்டும் என்று பஹ்மி காட்டிக் கொடுத்தான். ஒன்று கடையில் இருந்தால் மற்றது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொன்னான். அவள் மற்றதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கோயிலுக்கும் கூடச் சுமந்து திரிந்தாள்.

"பஸ் பள்ளத்துல போனா டிஸ்க்கும் போகும், நீங்களும் போவீங்க" என்றான் பஹ்மி. "யாராவது ஒருத்தர்கிட்ட குடுத்து வைங்களே."

யாரிடம்? பல நாள் யோசித்து, கடைசியில் அவள் அதை ஒரு கடித உறையில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒட்டிய இடத்திலெல்லாம் குறுக்கே கையெழுத்துப் போட்டுத் திகனைக்குக் கொண்டுபோனாள். பஹ்மியின் உம்மா பஸீஹா அதைத் தன் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். மாதத்தில் ஒரு நாள் கலாராணி போய் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். டேப் அப்படியே இருக்கும். பஸீஹா ஒன்றும் கேட்காமல் பிளேன்டீயும் சர்க்கரைக்கட்டியும் கொண்டுவந்து வைப்பாள். கலாராணி முதலில் ஒட்டிய ஓரங்களை விரலால் தடவிப் பார்த்து முடித்துவிட்டுத்தான் கோப்பையைக் கையில் எடுப்பாள்.